உறுப்பினர் தானே பேச வேண்டும்

எங்களுக்குப் பணம் வரப் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் எனக்கு நித்திரை கெட்டது. மற்றவர்களுக்கென்றால் முகம் மலர்ந்திருக்கும். எனக்குப் பயம் பிடித்தது. பணம் சும்மா வருவதில்லை; அதற்கு முன்னால் ஒரு ஆள் வரும், அந்த ஆள் கேள்வி கேட்கும். எங்கள் வீட்டுக்குள் எந்தக் கேள்வியும் நுழையக் கூடாது என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த காலம் அது.

செய்தி கிடைத்தது மாதா கோயில் முற்றத்தில். நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். மெல்பேணில் நோபல் பார்க் வந்து குடியேறி வெகு காலம். எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு பூசை முடிந்தபிறகு முற்றத்தில் நிற்பதுதான் இரண்டாவது பூசை. அதை மட்டும் யாரும் தவற விடுவதில்லை. அன்றைக்கு எல்லார் வாயிலும் ஒரு காப்புறுதிக் கம்பனி, எங்கள் ஆட்கள் பலர் இன்சூரன்ஸ் வைத்திருந்த இடம். பங்குச் சந்தைக்குப் போகிறதாம், உறுப்பினர்களுக்கெல்லாம் பங்கு கொடுக்கப் போகிறார்களாம், பங்கு வேண்டாமென்றால் காசாகவே எடுக்கலாமாம்.

அந்தக் கம்பனியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சோறு அங்கேயிருந்துதான் வருகிறது. என் கணவர் டண்டெனோங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதை மூடியபோது கைக்கு வந்த ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே தடவையில் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தார். பதிலுக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பென்சன், அவருக்குப் பிறகு அதில் ஒரு பகுதி எனக்கு. கொஞ்சத்தையாவது வங்கியில் போடுங்கோ என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

"இதுக்கு முதலாளி எண்டு ஒருத்தன் இல்லையடி. காசு போட்ட ஆக்கள்தான் முதலாளி. நானும் ஒரு முதலாளி" என்றார். வாழ்க்கை முழுக்க முதலாளிமாரிடம் பேச்சு வாங்கிய மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காகவே கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது முதலாளி இல்லாத கம்பனிக்கு முதலாளிகள் வரப் போகிறார்கள். அதனால் இதுவரை சொந்தக்காரராக இருந்தவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முற்றத்தில் நின்ற ஒரு இளம் பெண்பிள்ளை, அவளுடைய புருஷனுக்கு அங்கே ஆயுள் காப்புறுதி இருக்கிறது, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"பென்சன் எடுக்கிற ஆக்களுக்கு இல்லையாம் அன்ரி. பொலிசி வைச்சிருக்கிறவைக்கு மட்டுந்தானாம்."

எனக்குச் சுறுக்கென்று ஏறியது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவர்கள் சொந்தக்காரர், மொத்தத்தையும் அள்ளிக் கொடுத்தவர்கள் யாரோவா? எனக்குக் கோபம் வந்தால் பயம் மறந்துபோகும். கோபம் இறங்கியபிறகு அந்தப் பயம் வட்டியோடு திரும்பி வரும். என் குணமே அப்படி.

என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு மறதி. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி அல்ல. ஒரு ஞாயிறு காலை பூசைக்குப் போகிறேன் என்று காரில் புறப்பட்டவர், மூடிக் கிடந்த தொழிற்சாலை வாசலில் போய் நிறுத்திவிட்டு, கேற் திறப்பார்கள் என்று மத்தியானம்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு காரை விற்றேன். கண் சரியில்லை என்று ஊருக்குச் சொன்னேன். ஆட்கள் ஒன்று கேட்க இவர் வேறொன்று சொன்னபோது, காது கேளாது என்றேன். எல்லார் முன்னாலும் அவரைக் குருடராக்கினேன், செவிடராக்கினேன். மறதிக்காரர் என்று மட்டும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. டொக்டரிடம்கூட "வயசுக்கேற்ற மறதிதான்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புக் கழுவுகிற பகுதியில் வேலை செய்தவள். அங்கே ஒரு பக்கத்துக்குக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். இலக்கம் தெரிந்தவர்கள் வெளியே வரலாம், மறந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து மனுசி ஒருத்தியும் உள்ளே இருந்தாள். அவளுடைய இங்கிலிஷ் எல்லாம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் துவாய்களை அடுக்கப் போகும் நேரமெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இது ஆரின்ரை வீடு? நான் எப்ப போறது?" என்று கேட்பாள். தாதிமார் என்னிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்பார்கள். தண்ணீர் வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு வருவேன். அந்தக் கதவுக்குப் பின்னால் என் மனுசனை விடமாட்டேன் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். டொக்டர் அந்த நோயின் பெயரை எழுதிவிட்டால் அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் வந்தால் முடிவு அவர்களுடையது என்று நான் உறுதியாக நம்பினேன்.

மகள் சிட்னியில், பரமட்டாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்கிறாள். மறதி தொடங்கிய காலத்திலேயே ஒரு பத்திரம் கொண்டு வந்தாள். அப்பாவால் முடியாமல் போனால் அம்மா அவருக்காகக் கையெழுத்துப் போடலாம் என்று எழுதி வைக்கிற பத்திரம். அவருக்கு விளங்குகிற காலத்தில் செய்தால்தான் அது செல்லும் என்றும் சொன்னாள். அவர் அதை வாசித்தார். அப்போது வாசிப்பார்.

"என்னை உயிரோடை வைச்சுக்கொண்டே எழுதி முடிக்கப் பாக்கிறியளோ?" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

ஈஸ்ரர் திருநாளுக்கு முந்திய தபசு காலம் வேறு. அப்படியொரு கடுதாசி வீட்டுக்குள் கிடப்பதே எனக்கும் பிடிக்கவில்லை. சாவை வெற்றிலை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "ஈஸ்ரர் போகட்டும் பிள்ளை" என்றேன். ஈஸ்ரர் போனது. அடுத்த ஈஸ்ரரும் போனது. பிறகு அவருக்கு அந்தப் பத்திரம் விளங்காத காலம் வந்துவிட்டது.

கம்பனிக்காரர் டண்டெனோங்கில் ஒரு மண்டபத்தில் உறுப்பினர்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அவருடைய சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போட்டு, தலை வாரி இழுத்து, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாதிரியைப் பார்த்த யாரும் ஓய்வுபெற்ற நீதவான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ அவர் வாய் திறந்துவிடுவாரோ என்ற எண்ணம்தான்.

மேடையில் ஒரு அதிகாரி விளக்கினார். ஆயுள் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இலாபத்தில் பங்குள்ளவர்கள், அதனால் உறுப்பினர்கள். பென்சன் எடுப்பவர்களுக்குப் பேசிய தொகை பேசியபடி வரும், அதோடு சரி. நான் எழும்பினேன். கோபம்தான் எழுப்பியது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன்: கம்பனி கை மாறும்போது எங்கள் சாப்பாடும் அதோடு சேர்ந்துதானே கை மாறுகிறது? நாளைக்குப் புது முதலாளி ஏதும் பிழைவிட்டால் இலாபத்தில் பங்குள்ளவர்கள் இலாபத்தைத்தான் இழப்பார்கள். நாங்கள் சோற்றை இழப்போம். பயத்தை எங்களுக்குத் தந்துவிட்டுப் பணத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பது என்ன கணக்கு?

 நான் உட்காருவதற்கு முன் என் கணவர் பலமாகக் கை தட்டினார். "வெரி குட், வெரி குட்" என்றார். பின்வரிசையில் இருந்த கிழவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அதிகாரி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலை அசைத்தார். தொழிற்சாலையில் பிரியாவிடை விருந்து நடக்கிறதென்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது வரும் வழியில் அவர் பேசியதில்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் திரும்பி வந்தது.

சில மாதங்களில் முடிவு கடிதமாக வந்தது. கேட்டது நான் மட்டும் இல்லை, வேறு ஊர்களிலும் பென்சன்காரர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். கம்பனியின் பழைய விதிகளைத் தோண்டிப் பார்த்ததில், மொத்தமாகப் பணம் கொடுத்து ஆயுள் பென்சன் எடுப்பவர்களும் உறுப்பினர்கள்தான் என்று இருந்ததாம். எங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அது பென்சன்காரருக்கு மட்டும் உரியது. கம்பனி மாறுகிற அன்று அவர் உயிரோடு இருக்க வேண்டும். மனைவிக்கோ பிள்ளைக்கோ அதில் பேச்சில்லை. வயதானவர்களைப் பிள்ளைகள் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களாம், அதனால் பங்கா காசா என்பதை உறுப்பினர் தன் வாயாலேயே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தேன். நானே வாய் கொடுத்து வாங்கிய வினை. பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் பாட்டுக்கு எங்களை மறந்திருப்பார்கள்.

மகளுக்குப் போன் எடுத்தேன். "பதில் சொல்லாமல் விட்டால் என்ன பிள்ளை? எங்களுக்கு அந்தக் காசு வேண்டாம்."

"அப்பிடி விடேலாது அம்மா. பதில் இல்லாட்டி அவர் உயிரோடை இருக்கிறாரோ எண்டு செக் பண்ணுவினம். பென்சனையும் ஹோல்ட் பண்ணலாம். ப்ளீஸ் அம்மா, டொக்டரிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. ஒருத்தரும் அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம்."

"உனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சட்டம் தெரியும். அந்தக் கதவு தெரியாது.

பேசினாலும் பயம், பேசாவிட்டாலும் பயம். கடைசியில் அவரைப் பேச வைப்பதென்று தீர்மானித்தேன். இங்கிலிஷ் அவருக்கு ஏறக்குறையப் போய்விட்டது, அதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கம்பனிக்குச் சொன்னேன். பிறகு பெயர், பிறந்த தேதி, விலாசம், காசாக வேண்டும் என்ற பதில், இவற்றைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். ஒன்றும் நிற்கவில்லை. விலாசம் கேட்டால் ஊரிலே விட்டு வந்த பேசாலைக் கடற்கரை வீட்டைச் சொன்னார். நான் அதட்டினால் முகம் சுருங்கிப்போய் என் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பின்னேரம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. செபங்கள் அவருக்கு ஒரு சொல்லும் பிசகுவதில்லை. சிறு வயதில் கோயிலில் படித்த ஞானோபதேசக் கேள்வி பதிலும் அப்படியே இருந்தது. "உம்மைப் படைத்தவர் யார்?" என்று நான் தொடங்கினால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து, "என்னைப் படைத்தவர் சர்வேசுரன்" என்று ராகத்தோடு சொல்வார். அந்த ராகத்திலேயே என் கேள்விகளையும் போட்டேன். "உமது பெயர் என்ன?" "நீர் பிறந்த நாள் எது?" "நீர் குடியிருக்கும் இடம் எது?" செபமாலை முடிந்ததும், ஆமென் சொன்ன கையோடு, ஒவ்வொரு நாளும். கடவுளைப் பற்றிய பாடத்துக்குள் காப்புறுதிக் கம்பனியைச் செருகுகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்துக்கொண்டது. நோபல் பார்க் வீட்டிலக்கம் உட்பட எல்லாம் மணி மணியாக வந்தது. அவருக்கும் அதில் சந்தோஷம். பாடம் முடிந்தால் ஒரு பிஸ்கட் கொடுப்பேன்.

அவர்கள் அழைத்த காலையில் அவரைக் குசினி மேசைக்கு முன்னால் இருத்தி, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே நின்றேன். கம்பனியில் இருந்து ஒரு இளம் பெண் குரல். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளரின் குரல். தமிழ்நாட்டுப் பையன். எங்கள் கோயில் ஆள் இல்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"வணக்கம் சார். அவங்க கேக்கறதை அப்படியே தமிழ்ல சொல்லுவேன். நீங்க சொல்றதையும் அப்படியே அவங்களுக்குச் சொல்லுவேன். எதையும் சேர்க்க மாட்டேன், எதையும் விடமாட்டேன். சரிங்களா?"

"ஓம்" என்றார்.

"உங்க முழுப் பேர் சொல்லுங்க சார்."

அவர் கையைக் கட்டினார். நிமிர்ந்தார். பெயர் வந்தது. பிறந்த நாள் வந்தது. வீட்டிலக்கம், தெரு, நோபல் பார்க் எல்லாம் வந்தது. கொஞ்சம் ராகம் இருந்தது, அந்தப் பையனுக்கு அது இலங்கைப் பேச்சாகத் தெரிந்திருக்கும்.

"பங்கு வேணுங்களா, பணமா வேணுங்களா?"

"காசாய்த் தாங்கோ. நன்றி."

நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் இங்கிலிஷில் இன்னொன்று கேட்டாள். அவன் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"கடைசியா ஒரு கேள்வி சார். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? இப்படிச் சொல்லணும்னு உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

இது பாடத்தில் இல்லை. இல்லை என்று சொல்லுங்கோ என்று தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர், நோய் வந்தபிறகும் தெரியவில்லை.

"ஓம். ஒரு அக்கா நிக்கிறா" என்றார்.

"அவங்க யாரு சார்?"

"தெரியேல்லைத் தம்பி. நல்ல அக்கா. சமைச்சுத் தாறா. சேட்டு மினுக்கித் தாறா." கொஞ்சம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "ஆனால் எந்த நேரமும் பயந்துகொண்டு திரியிறா. பாவம். ஆரோ அவவை வெருட்டி வைச்சிருக்கினம் போலை. என்னெண்டு கேளுங்கோ."

பையன் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் விடாமல், அவ்வளவையும் இங்கிலிஷில் சொன்னான். ஊரிடமிருந்து, டொக்டரிடமிருந்து, கோயிலிடமிருந்து நான் எல்லாவற்றையும் மறைத்தேன். என்னைத் தெரியாது என்பதை அவர் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார், மறைக்கிறோம் என்று தெரியாமலே. அதை நான் இரண்டு மொழியில் நின்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. மெதுவாக ஏதோ கேட்டாள்.

"அம்மா, நீங்க யாருன்னு கேக்கறாங்க" என்றான் பையன். "நீங்க பத்திரமா இருக்கீங்களான்னும் கேக்கறாங்க."

காது கேளாது, அதனால்தான் இப்படி உளறுகிறார் என்ற பழைய பொய் நுனிநாக்கில் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"நான் அவரின்ரை பெண்சாதி. அவருக்கு மறதி வருத்தம். கன நாளாய் இருக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

  அவன் அதையும் இங்கிலிஷில் சொன்னான். அந்தப் பெண் வெகு நேரம் பேசினாள், அவன் துண்டு துண்டாகத் தமிழாக்கினான். அவருடைய பங்கு எங்கேயும் போகாது, அவர் பெயரிலேயே இருக்கும். பென்சன் நிற்காது. ஆனால் இனி அவருடைய வாய்ச்சொல்லை அவர்கள் எடுக்க முடியாது. டொக்டரின் கடிதம் வேண்டும். அவருக்காகக் கையெழுத்துப் போட ஒருவரை நியமிக்க வேண்டும், அதை ஒரு நடுவர் மன்றம் தீர்மானிக்கும். வீட்டு நிலைமையைப் பார்க்க ஒரு ஆள் வரலாம்.

"அந்தப் பொறுப்பை நீங்களே கேக்கலாமாம் அம்மா. முதல்ல உங்களைத்தான் யோசிப்பாங்களாம்" என்றான். அது அவள் சொன்னதா, அவனாகச் சேர்த்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தொலைபேசி ஓய்ந்தது. ஒரு ஆள் வரப் போகிறது. கேள்வி கேட்கப் போகிறது. இனி என்னால் யாரையும் தடுக்க முடியாது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழும்பினார். தன்னுடைய கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். வீட்டுக்கு வந்த ஆளை உபசரிக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"இருங்கோ அக்கா. பயப்பிடாதேங்கோ. என்ரை மனுசி இப்ப வந்திடுவா. அவ எல்லாம் பாத்துக்கொள்ளுவா."

நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.